வரப்பு தாண்ட வேண்டிய வைக்கோல்

தை மாதக் கடைசியில் நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்குப் போகும் சாலையில் பொழுது சாயும் நேரத்தில் போனால் இரண்டு பக்கமும் ஒரே காட்சிதான். அறுப்பு முடிந்த சம்பா வயல்களில் வைக்கோல் கட்டுகள் உருளை உருளையாகச் சிதறிக் கிடக்கும். கட்டும் மிஷின் வேலையை முடித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போயிருக்கும். வரப்போரத்தில் ஒருவர் நின்று கட்டுகளை எண்ணிக்கொண்டிருப்பார். நாற்பத்திரண்டு. வீட்டுக்கு அரை மைல் தூரம், நடுவில் ஒரு வாய்க்கால். டிராக்டர்காரர் நாளைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வானம் தெளிவாக இருக்கிறது. ஆனால் விடிவதற்குள் பனி கொட்டிவிடும்.

வைக்கோல் கட்டும் இயந்திரத்தைப் பற்றிக் கண்காட்சிகளிலும் வேளாண்மை இதழ்களிலும் நிறையப் பேசியாகிவிட்டது. மானியம் என்ன, எத்தனை குதிரைத்திறன் டிராக்டர் வேண்டும், மணிக்கு எத்தனை கட்டு விழும் என்பதெல்லாம் கேட்டால் கிடைக்கும் தகவல்கள். கட்டு விழுந்த இடத்திலிருந்து மாட்டுக்கொட்டகைக் கூரைக்குள் போய்ச் சேரும்வரை நடப்பதைப் பற்றித்தான் பேச்சு குறைவு. வைக்கோல் கெடுவதும், முதுகு போவதும், கம்பி உரசித் தீப்பிடிப்பதும் இந்த இடைவெளியில்தான். சிறு விவசாயிக்குக் கட்டுவது எளிதாகிவிட்டது. சுமப்பதும் சேர்ப்பதும் அவர் தலையிலேயே நிற்கின்றன. இந்தக் கட்டுரை அந்த அரை மைலைப் பற்றியது.

அரிவாளால் அறுத்த காலத்தில் வைக்கோல் தனியாகப் பயணம் செய்ததில்லை. கதிரோடு சேர்ந்து கட்டாகக் களத்துக்கு வந்தது. அங்கே கட்டடித்து நெல்லைப் பிரித்தபின், தாளில் ஒட்டியிருந்த மிச்ச நெல்லுக்காக மாடுகளைப் பிணைத்துப் போரடிப்பார்கள். மாட்டுக் குளம்பு மிதித்து மிதித்துத் தாள் மெத்தென்று ஆகும். பிறகு வீட்டுக் கொல்லையில் போர் ஏறும். தெற்கே இதையே படப்பு என்பார்கள். போர் போடத் தெரிந்தவர் ஊருக்கு நாலைந்து பேர்தான் இருப்பார்கள். கீழே மூங்கிலும் பனைமட்டையும் பரப்பி, தாளின் நுனி வெளிப்பக்கம் சாயும்படி சுற்றிச் சுற்றி அடுக்கி, நடுவில் ஏறி மிதித்து இறுக்கிக்கொண்டே உயர்த்தி, தலையைக் குடைபோலச் சரித்து முடிப்பார்கள். ஐப்பசி மழை அதன்மேல் பெய்து வழிந்து ஓடிவிடும். நீளத் தாள் ஒரே பக்கம் பார்த்துப் படுத்திருப்பதால் போரே தனக்குக் கூரையாகிவிடும். மாட்டுக்குப் பிடுங்கும்போதும் ஒரு பக்கத்திலிருந்து அளவாகப் பிடுங்க வேண்டும். கண்ட இடத்தில் குடைந்தால் போர் சாயும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் அனுப்புவார்கள்.

அறுவடை இயந்திரம் வந்து இந்தச் சங்கிலியை நடுவில் அறுத்துவிட்டது. சேற்று வயலுக்கு ஏற்ற செயின் வண்டி நெல்லைத் தொட்டிக்குள் எடுத்துக்கொண்டு, தாளை நசுக்கிக் குழப்பி வரிசையாக வயலிலேயே விட்டுப் போகிறது. அந்தத் தாளில் போர் போட முடியாது. ஒன்றோடொன்று பிடித்து நிற்காது, மழை நீரை வழியவிடாது. அதை அள்ளிக் கட்டக் கூலி ஆளும் கிடைப்பதில்லை. சில ஆண்டுகள் பலர் அதற்கு நெருப்பு வைத்தார்கள், இன்றும் சிலர் வைக்கிறார்கள். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் இதே காரணம்தான் அக்டோபர், நவம்பர் புகையாக மாறி டெல்லிவரை போகிறது. நம் காவிரிப் படுகையில் அந்த அளவுக்குப் போகாமல் தடுத்தவற்றில் கட்டும் இயந்திரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

கட்டும் கருவிக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் ஆப்பிள்பி செய்த முடிச்சுப் போடும் கருவியிலிருந்து சதுரக் கட்டு இயந்திரங்கள் வளர்ந்தன. அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் 1947இல் சிறிய உருளைக் கட்டு இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1971இல் அயோவா மாநிலத்தில் வெர்மீர் நிறுவனம் ஒரு டன்னை நெருங்கும் பெரிய உருளையை ஒரே ஆள் கையாளலாம் என்று காட்டியபின் மேலை நாட்டுப் பண்ணைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. அங்கே கட்டை மனிதர் தொடுவதே இல்லை. டிராக்டரின் முன்னால் உள்ள ஈட்டி குத்தித் தூக்குகிறது. அந்தக் கனத்துக்கு அதற்கேற்ற ஆபத்தும் உண்டு. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் 2010இல் சரிவில் உருண்டுவந்த ஏறத்தாழ 600 கிலோ கட்டு ஒன்று சாலையில் போன வேன்மேல் விழுந்து, எலெக்ட்ரிக் லைட் ஆர்க்கெஸ்ட்ரா இசைக்குழுவின் முன்னாள் செல்லோ கலைஞர் மைக் எட்வர்ட்ஸ் இறந்துபோனார். நம் வரப்பு வயல்களுக்கு வந்து சேர்ந்தது சிறிய உருளை. ஏறத்தாழ 60 செ.மீ. விட்டம், 90 செ.மீ. நீளம், காய்ந்திருந்தால் 20 கிலோவுக்கு முன்பின் எடை. கையால் தூக்கலாம் என்பதுதான் அதன் பலம். கையால்தான் தூக்கியாக வேண்டும் என்பது அதன் மறுபக்கம்.

இப்போது கொஞ்சம் கணக்கு. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. சம்பாவில் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 30 கண்டால், வைக்கோலும் எடையில் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். செயின் வண்டி அரையடி, முக்காலடி தாளை நிலத்தில் விட்டு அறுப்பதாலும், கூளம் கீழே தங்குவதாலும், கைக்கு வருவது ஒரு டன்னை ஒட்டித்தான். கட்டாகச் சொன்னால் ஏக்கருக்கு நாற்பது, ஐம்பது. சராசரி நிலத்துக்கு எண்பது, தொண்ணூறு. ஒரு கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு ஐந்து கிலோ வைக்கோல் போட்டால் நாலு நாளைக்கு ஒரு கட்டு, வருஷத்துக்குத் தொண்ணூறு கட்டு. ஆக, ஒரு சராசரி சிறு விவசாயியின் ஒரு போக வைக்கோல் ஒரே ஒரு மாட்டுக்கு ஒரு வருஷத் தீனி. இதில் பத்துக் கட்டு பூசணம் பிடித்தால் நாற்பது நாள் தீனி போயிற்று. பெரிய பண்ணைக்கு அது ஒரு சதவீதக் கணக்கு, இங்கே நாற்பது நாள் பால்.

பூசணம் கொட்டகையில் பிடிப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். அதற்கான விதை கட்டும் நேரத்திலேயே விழுந்துவிடுகிறது. வைக்கோலில் ஈரம் நூற்றுக்குப் பதினைந்துக்குள் இருந்தால் அடுக்கி வைக்கலாம். இருபதைத் தாண்டினால் உள்ளுக்குள் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிடும். தை, மாசியில் பகல் வெயில் நன்றாக இருந்தாலும் காலையில் தாள்மேல் பனி நிற்கும். பத்து, பத்தரைக்கு மேல்தான் கட்ட வேண்டும். ஆனால் மிஷின் வாடகைக்கு வருவது. அவர்களுக்கு அன்றைக்கு ஐந்து வயல் இருக்கும். ‘இப்போ விட்டா நாளான்னிக்குத்தான்’ என்று சொன்னால் சிறு நிலக்காரர் தலையாட்டிவிடுவார். நானும் ஒருமுறை தலையாட்டியிருக்கிறேன். காலை எட்டு மணிக்கே கட்ட ஆரம்பித்தார்கள். எங்கள் வயலில் நெடுநாள் வேலை செய்த அக்கா ஒரு பிடி தாளை எடுத்து முறுக்கிப் பார்த்தார். “தம்பி, ஈரம் போவல. தாளு ஒடியணும், இது மடியுது. வெயிலு ஏறட்டும்னு சொல்லுப்பா” என்றார். நான் சொல்லவில்லை. சித்திரையில் அந்தக் கட்டுகளைப் பிரித்தபோது நடுவில் கையகலத்துக்குக் கறுத்துப் போயிருந்தது. புழுதிபோலப் பூசணம் பறந்தது. ஈரமானி என்ற கருவி வாங்க முடியாதவர்களுக்கு அந்தப் பிடித் தாள் போதும். முறுக்கினால் சடசடவென்று ஒடிய வேண்டும்.

கெட்ட வைக்கோலை மாடு கழித்துவிடும் என்று நம்பி அப்படியே போட்டுவிடுகிறவர்கள் உண்டு. பசித்த மாடு கழிக்காது. பூசணம் பிடித்த வைக்கோலைத் தின்ற எருமைகளுக்குக் காது, வால் நுனி, குளம்போரம் அழுகி விழும் நோய் ஒன்று உண்டு. பஞ்சாபில் முதலில் கண்ட ஓடையின் பெயரால் அதை டெக்நாலா நோய் என்கிறார்கள். நெல் வைக்கோலில் வளரும் பூஞ்சையின் நஞ்சுதான் காரணம் என்று அறியப்படுகிறது. பிரிக்கிற மனிதருக்கும் கேடுண்டு. அந்தப் புழுதியை வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் ஒவ்வாமை முற்றி மூச்சு வாங்கும். துண்டை மூக்கோடு கட்டிக்கொண்டு பிரிப்பதைத் தேவையில்லாத நாசூக்கு என்று நினைக்கக் கூடாது.

குறுவை வைக்கோலின் கதை வேறு. புரட்டாசி, ஐப்பசியில் அறுப்பும் மழையும் மோதிக்கொள்ளும். காய்வதற்கு மூன்று நாள் வெயில் சேர்ந்தாற்போல் கிடைப்பதில்லை. அப்போது கட்டியே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதைவிட, அந்தத் தாளை மண்ணுக்கே விட்டுச் சேற்றில் மடக்கி உழுதுவிடுவது மேல் என்பது என் கருத்து. சம்பா வைக்கோலைக் காப்பாற்றினாலே வருஷம் ஓடிவிடும்.

கட்டு விழுந்தபின் அதற்கு அவசரம் இரண்டு மடங்கு. ஒன்று பனி. உருளையின் வளைந்த முதுகு கொஞ்சம் நீரை வழியவிடும். மண்ணைத் தொட்டிருக்கும் வயிற்றுப் பக்கம் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ராத்திரி கிடந்தாலே அடிப்பக்கம் கனத்துவிடும். ஆள் இல்லாவிட்டால் குறைந்தபட்சம் நாலைந்தாகக் கூட்டி மேட்டு வரப்பில் ஏற்றி வைக்கலாம். இன்னொரு அவசரம் உளுந்து. படுகையில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கும் நெல்லுக்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவது வழக்கம். மண்ணில் இருக்கும் மிச்ச ஈரத்தில் அது முளைத்து, வேறு தண்ணீரில்லாமலே விளைச்சல் தரும். அறுவடை வண்டி ஒருமுறை மிதிக்கிறது, கட்டும் டிராக்டர் இன்னொருமுறை, கட்டு ஏற்றும் டிரெய்லர் மூன்றாவது முறை. நகராமல் கிடக்கும் ஒவ்வொரு கட்டுக்கும் அடியில் நாற்றுகள் வெளுத்துச் சாகின்றன. உளுந்து தெளித்த வயலுக்குள் டிரெய்லரை இறக்கவே கூடாது. கட்டுகளைக் கையால் ஒரே வழியில் பாதையோரத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மிஷின்காரரிடம் முன்கூட்டியே சொன்னால், கட்டு விழ வேண்டிய பக்கத்தைக் கணக்கிட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்காமல் அது நடப்பதில்லை.

கையால் கொண்டுவருவது என்று எழுதுவது சுலபம். பழைய கட்டு தலைக்கென்று பிறந்தது. புரியால் இறுக்கிய நீளக்கட்டு சும்மாட்டின்மேல் சமநிலையில் உட்காரும். தூக்கிவிட ஒரு ஆள் இருந்தால் ஒரு பெண் அதைச் சுமந்துகொண்டு வரப்பில் நடந்துவிடுவார். உருளைக்கு அந்தக் குணம் இல்லை. தலையில் உருளும், தோளில் முகத்தை மறைக்கும். ஒற்றை வரப்பில் கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் நடக்க வேண்டும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தால் ஒருவர் தூக்கத்தக்கது 23 கிலோ என்று கணக்கிடுகிறது. சாதகம் என்றால் உடம்புக்கு நெருக்கமான சுமை, முழங்கால் மட்டத்துக்கு மேலிருந்து தூக்குவது, முதுகு திருகாமல் வைப்பது. நம் வயலில் சுமை தரையில் கிடக்கிறது, நீளமாயிருக்கிறது, பிடிக்கக் காதில்லை, ஈரமானால் முப்பதைத் தாண்டுகிறது. அதை நாற்பது முறை தூக்க வேண்டும். உலகத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை வயது வந்த ஆணுக்கு 55 கிலோ என்ற உச்ச வரம்பைச் சொல்கிறது. அந்த எண்ணைக் காட்டி 20 கிலோ லேசு என்று யாராவது சொன்னால், இருபதாவது கட்டுக்குப்பின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தவரிடம் கேட்கச் சொல்வேன்.

பெரும்பாலோர் சணல் கயிற்றைப் பிடித்துத்தான் இழுக்கிறார்கள். சிறிய உருளையில் கயிறு பல சுற்றாகச் சுற்றப்படுகிறதே தவிர, முடிச்சு இருப்பதில்லை, இறுக்கத்தில்தான் நிற்கிறது. ஒரு சுற்று அறுந்தால் மற்றதும் நெகிழும், கட்டு பாதி வழியில் பிரியும். பிடிக்க வேண்டியது கட்டின் இரு முனைகளை. குனியாமல் குந்தி, ஒரு முனையை நிமிர்த்தி நிறுத்தி, பிறகு தொடைக்கும் மார்புக்கும் அணைத்து எழ வேண்டும். இருவராகத் தூக்கினால் இன்னும் நல்லது. இருவர் கூலி கட்டாது என்பார்கள். ஒருவர் இரண்டு நாள் படுத்தால் அதுவும் கட்டாது. கம்பை இரு முனையிலும் தோளில் தாங்கி நடுவில் இரண்டு கட்டைக் கோத்து எடுத்துவரும் முறை சில ஊர்களில் உண்டு. அது வரப்புக்குப் பொருந்தும். வரப்பு அகலமாக இருந்தால் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியே போதும். பாதைக்கு வந்துவிட்டால் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று பதினைந்து நடையில் ஒரு ஏக்கரை முடித்துவிடும் ஆட்களைத் தினமும் பார்க்கிறோம். அரை மைலுக்குள் இரண்டு ஏக்கர் வைக்கோல் என்றால் அந்த வண்டியைவிடச் சிக்கனமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. கட்டு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும்; பிரதான சாலைக்கு அதைக் கொண்டுபோகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இயந்திரத்தின் பக்கம் நிற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. டிராக்டரிலிருந்து கட்டும் கருவிக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பிடிஓ தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது, நொடிக்கு ஒன்பது. வேட்டி நுனியோ, தோள் துண்டோ, சேலைத் தலைப்போ ஒருமுறை பட்டால் ஆள் கையை உதறுவதற்குள் முழுசாகச் சுற்றிவிடும். தாள் அடைத்துக்கொண்டால் ஓட்டத்திலேயே காலால் உதைத்துவிடும் பழக்கத்தைப் பல வயலில் பார்க்கிறேன். எஞ்சினை நிறுத்தாமல் யாரும் கிட்டே போகக் கூடாது. வயல் சொந்தக்காரர் இதைச் சொல்ல உரிமை உள்ளவர், சொல்லவும் வேண்டும்.

ஏற்றும் இடத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் கவலையளிப்பது இதுதான். கட்டாக்கிய வைக்கோல் தளர்ந்த வைக்கோலைவிட இரண்டு மூன்று மடங்கு அடர்த்தி என்றாலும், சரக்கு என்ற கணக்கில் அது இன்னும் லேசுதான். டிராக்டர் டிரெய்லரின் தளத்தில் ஓர் அடுக்குக்குப் பத்துக் கட்டு பிடித்தால், ஆறு அடுக்கில் ஐம்பத்தைந்து, அறுபது கட்டு. எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டும். டிரெய்லர் அதைப்போல் மூன்று மடங்கு தாங்கும். வண்டி திணறவில்லை, டயர் அமுங்கவில்லை. அதனால் இன்னும் ஓரடுக்கு, இன்னும் ஓரடுக்கு என்று உயரம் ஏறிக்கொண்டே போகிறது. நெல் மூட்டை ஏற்றினால் எடை நம்மை நிறுத்தும். வைக்கோலில் நிறுத்துவதற்கு எதுவும் இல்லை, தலைக்குமேல் போகும் மின்கம்பியைத் தவிர.

கம்பிக்கு விதி இருக்கிறது. சாலையைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டருக்குக் குறையக் கூடாது. உயரழுத்தக் கம்பி 6.1 மீட்டர். ஆனால் சாலை அல்லாத இடங்களில், அதாவது வயல்வெளியில், 11 கேவி வரையுள்ள உறையில்லாத கம்பிக்கு விதி கேட்பது 4.6 மீட்டர்தான். டிரெய்லர் தளம் தரையிலிருந்து ஒரு மீட்டர். உருளைகள் ஒன்றின் பள்ளத்தில் ஒன்று உட்காருவதால் முதல் அடுக்கு 60 செ.மீ., மேலே ஒவ்வொன்றும் 52 செ.மீ. போலக் கூடும். ஆறு அடுக்கு ஏறினால் 4.2 மீட்டர், ஏழு ஏறினால் 4.7. விதிப்படி சரியாகக் கட்டிய கம்பியே வயல் பாதையில் ஏழாவது அடுக்கை உரசிவிடும். கோடையில் தொய்ந்தும், கம்பம் சாய்ந்தும் இருக்கிற கம்பிகளைச் சொல்ல வேண்டியதில்லை. ஆறாவது அடுக்கின்மேல் நின்று கட்டை வாங்கி அடுக்கும் ஆளின் தலை 5.8 மீட்டரில் இருக்கிறது. அவர் கம்பியை நிமிர்ந்து பார்ப்பதில்லை, குனிந்து கட்டைப் பார்க்கிறார். வைக்கோல் லாரி மின்கம்பி உரசித் தீப்பிடித்தது என்ற செய்தி அறுப்புக் காலம்தோறும் பத்திரிகையில் வருகிறது. வண்டியைக் குளத்துக்குள் இறக்கிய ஓட்டுநரின் சமயோசிதத்தைப் பாராட்டி எழுதுகிறோம். வண்டி கிளம்புவதற்கு முன் பாதையை ஒருமுறை நடந்து, ஒவ்வொரு கம்பியையும் நின்று பார்த்து வந்திருந்தால் அந்தச் செய்திக்கே வேலையிருக்காது.

என் வரையில் சிறு பண்ணை டிரெய்லருக்கு ஐந்து அடுக்குதான் வரம்பு. ஏற்றும் இடத்தைக் கம்பிக்கு அடியில் தேர்ந்தெடுக்கவே கூடாது. தொய்ந்த கம்பி வழியில் இருந்தால் அறுப்புக்கு ஒரு மாதம் முன்பே மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அடுக்கும்போது உருளைகள் வண்டியின் குறுக்கே படுக்க வேண்டும். நீளவாக்கில் வைத்தால் திருப்பத்தில் பக்கவாட்டில் உருண்டு இறங்கும். முன்னும் பின்னும் தடுப்புச் சட்டமோ முளைக்கம்போ இல்லாமல் மூன்றடுக்குக்குமேல் போகக் கூடாது. கயிற்றைக் குறுக்காக மட்டும் போடாமல் முன்னிருந்து பின்னாகவும் இழுத்துக் கட்ட வேண்டும். வாய்க்கால் மதகு ஏறி இறங்கும்போது சுமை பின்பக்கம் சரியும் என்பதை ஓட்டுகிறவர் அறிவார். சுமையின்மேல் ஆள் உட்கார்ந்து வருவது நம் ஊரில் சகஜம். அது கம்பிக்கும் கிளைக்கும் நேரே தலையைக் கொடுப்பது. சட்டத்தின் பக்கம் பார்த்தால், 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு, பக்கத்திலோ உயரத்திலோ வரம்பு மீறி நீட்டும் சுமைக்கு 20,000 ரூபாய் அபராதமும், சுமையை இறக்கும் செலவும் வைக்கிறது. ஒரு டிரெய்லர் வைக்கோலை விற்றாலும் அந்தத் தொகை வருமா என்பதைச் சாலையில் ஏற்றுமுன் யோசிக்க வேண்டும். இரண்டு நடை போவதற்கான டீசல் அதைவிட எவ்வளவோ மலிவு.

இங்கேதான் பலர் அலுத்துப்போய் வயலிலேயே விற்றுவிடுகிறார்கள். வியாபாரி லாரியோடு வந்து கட்டை எண்ணிப் பணம் கொடுத்து ஏற்றிக்கொண்டு கேரளாவுக்கோ மேற்கு மாவட்டத்துப் பால் பண்ணைகளுக்கோ போகிறார். மாடில்லாத வீட்டுக்கு அது சரியான முடிவு. மாடு வைத்திருப்பவர் தையில் விற்றுவிட்டு ஆடியில் அதே வைக்கோலை வெளியே தேடி வாங்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் கேட்டால் வைக்க இடமில்லை என்பார். இடம் என்பது உண்மையில் சின்ன விஷயம். தொண்ணூறு கட்டுக்குப் பன்னிரண்டடிக்குப் பதினைந்தடி தரையும் எட்டடி உயரமும் போதும். தரையிலிருந்து அரையடி தூக்கிச் செங்கல்லோ பனந்துண்டோ வைத்து மேலே மூங்கில் பரப்பினால் கறையானும் ஓதமும் ஏறாது. சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் காற்று விட வேண்டும். கூரை அவசியம், போருக்கு இருந்த குணம் கட்டுக்கு இல்லை. தார்ப்பாயை மேலே போட்டு நாலு பக்கமும் தரைவரை இழுத்துக் கட்டுவது மழைக்கு நல்லது என்று தோன்றும், உள்ளே வேர்த்து மேலடுக்கு பூசணம் பிடிக்கும். மேலே மட்டும் மூடி, பக்கம் திறந்திருக்க வேண்டும்.

அடுக்கிய முதல் மூன்று வாரம் அவ்வப்போது நடுக்கட்டுகளுக்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டும். ஈரப் புல்கட்டு உள்சூட்டில் தானாகவே எரிவது குளிர்நாடுகளில் அடிக்கடி நடப்பது. நெல் வைக்கோலில் சர்க்கரை குறைவு என்பதால் அந்த அளவுக்குப் போவது அரிது. ஆனால் கை சுடுகிற கட்டு கெட்டுக்கொண்டிருக்கிற கட்டு. அதை வெளியே இழுத்துப் பிரித்து வெயிலில் உலர்த்தினால் பாதி மிஞ்சும். நமக்குத் தீ வருவது பெரும்பாலும் பீடியிலிருந்தும், கொட்டகைக்குள் தற்காலிகமாக இழுத்த ஒயரிலிருந்தும். வைக்கோல் சேமிக்கும் இடமும் மாடு கட்டும் இடமும் ஒரே கூரையின் கீழ் இருப்பது நடைக்கு வசதி. நெருப்பு என்று வந்தால் மாட்டை அவிழ்க்க நேரம் இருக்காது. இருபதடியாவது தள்ளி வைக்க இடமுள்ளவர்கள் தள்ளி வைக்க வேண்டும்.

தீனியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சேர்த்து வைப்பதன் பலன் அங்கேதான். வெறும் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று நாலுதான். நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியாவை ஐம்பது, அறுபது லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் இருபத்தொரு நாள் மூடி வைத்தால் அது மாட்டுக்கு நன்றாகச் செரிக்கும். ஐந்து கட்டைப் பிரித்தால் ஒரு தடவைக்கான அளவு. அளவு மீறினால் யூரியா நஞ்சு. கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுச் செய்வதே முறை, கன்றுக்குட்டிக்கு இதைப் போடவும் கூடாது.

கட்டோடு வரும் கயிற்றை யாரும் கவனிப்பதில்லை. சணலாவது மாட்டு வயிற்றில் மக்க வாய்ப்புண்டு. சில மிஷின்களில் வரும் நைலான் நூல் இரைப்பையில் பந்தாகத் திரண்டு தங்கிவிடும். மாடு காரணம் தெரியாமல் இளைக்கும். எங்கள் தெருவில் ஒரு மாடு வைத்திருக்கும் பெரியம்மா இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். கட்டைப் பிரித்தால் முதலில் கயிற்றை முழுசாக உருவி, கொட்டகைக் கால் ஆணியில் மாட்டிவிடுவார். அப்புறம்தான் தாள் தொட்டிக்குப் போகும். ஆணியில் இருக்கும் கயிறும் அடுக்கில் இருக்கும் கட்டும் சேர்ந்தால், மாசியில் வந்து இறங்கிய தொண்ணூறு வர வேண்டும். போன புரட்டாசிக் கடைசியில் முதல் மழைக்கு முன்னால் போய்ப் பார்த்தபோது ஆணியில் அறுபத்தொரு கயிறு தொங்கியது. மூங்கிலின்மேல் இருபத்தொன்பது கட்டு காய்ந்து கிடந்தது.